எஃப்ஐஆர் முதல் தீர்ப்பு வரை: குற்ற வழக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்ன நடந்தது என்று பார்ப்பதற்கு முன்னால், எந்தத் தாளில், எத்தனை மணிக்கு, என்ன எழுதப்பட்டது என்றுதான் கோர்ட் பார்க்கும். புகார் கொடுத்தவர், குற்றம் சாட்டப்பட்டவர், சாட்சி மூவருக்கும் இது பொது. கீழே உள்ள பதில்கள் இந்தியச் சட்டத்தையும், தமிழ்நாட்டு ஸ்டேஷன்களிலும் கோர்ட்டுகளிலும் உள்ள நடைமுறையையும் ஒட்டியவை.

கொடுத்த பணத்தைத் திருப்பித் தரவில்லை. போலீஸிடம் போனால் "இது சிவில் மேட்டர்" என்கிறார்கள். சிவிலுக்கும் கிரிமினலுக்கும் கோடு எங்கே?

கோடு எண்ணத்தில் இருக்கிறது. பெரும்பாலான குற்றங்களுக்குச் செயல் மட்டும் போதாது, அதன் பின்னால் குற்ற எண்ணமும் வேண்டும். கடன் வாங்கியவர் தொழில் நொடித்துப்போய்த் திருப்பித் தரவில்லை என்றால் அது சிவில். பணத்தை வாங்கும்போதே ஏமாற்றும் நினைப்பு இருந்திருந்தால் அது மோசடி. அந்த நினைப்பை யாரும் நெஞ்சைப் பிளந்து காட்ட முடியாது. சுற்றியுள்ள செயல்களிலிருந்துதான் காட்ட வேண்டும்: ஒரே மனையை மூன்று பேருக்கு விற்றது, போலித் தாய்ப்பத்திரம் காட்டியது, இல்லாத வேலையை இருப்பதாகச் சொன்னது. ஆகவே புகாரில் "பணம் தரவில்லை" என்று ஐந்து முறை எழுதுவதைவிட, பணம் கொடுத்த அன்று அவர் என்ன சொன்னார், அதில் எது அப்போதே பொய் என்று ஒரு முறை எழுதுவது பலன் தரும்.

செக் திரும்பிய வழக்கு தனி. அதற்கு ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதில்லை. மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆவது பிரிவின்படி, வங்கியிலிருந்து செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளில் பணம் வரவில்லை என்றால், அடுத்த ஒரு மாதத்துக்குள் நேராக மாஜிஸ்திரேட்டிடம் புகார். இந்தக் கெடுவைக் கோட்டைவிட்டு, ஸ்டேஷன் வாசலில் மாதக்கணக்கில் நின்றவர்கள் ஏராளம்.

302, 420 எல்லாம் இப்போது கிடையாதா?

2024 ஜூலை 1 முதல் மூன்று சட்டங்களும் மாறிவிட்டன. இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா, குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதிநியம். சுருக்கமாக பிஎன்எஸ், பிஎன்எஸ்எஸ், பிஎஸ்ஏ. கொலைக்கு 302 போய் 103. கொலை முயற்சி 307 போய் 109. மோசடி 420 போய் 318(4). திருட்டு 379 போய் 303(2). கவனக்குறைவால் மரணம் 304-ஏ போய் 106. "144 போட்டிருக்காங்க" என்று நாம் சொல்லும் தடையுத்தரவுகூட இப்போது பிஎன்எஸ்எஸ் 163. ஊர்ப்பேச்சில் 420 இன்னும் நெடுநாள் இருக்கும், அது வேறு.

எந்தச் சட்டம் பொருந்தும் என்பதைச் சம்பவம் நடந்த தேதி தீர்மானிக்கிறது. 2024 ஜூனில் நடந்த அடிதடிக்கு ஆகஸ்டில் புகார் கொடுத்தால், குற்றப் பிரிவு பழைய சட்டத்திலிருந்து வரும், விசாரணை நடைமுறை புதிய சட்டப்படி நடக்கும். எஃப்ஐஆரில் இரண்டும் கலந்திருந்தால் பிழை என்று நினைத்துவிட வேண்டாம்.

சிலரை உடனே கைது செய்கிறார்கள், சிலரை விட்டுவிடுகிறார்கள். ஏன்?

இரண்டு தனித்தனிப் பாகுபாடுகளை மக்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவது, வாரண்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்து புலனாய்வு செய்யக்கூடிய குற்றமா, மாஜிஸ்திரேட் அனுமதி இல்லாமல் தொட முடியாத குற்றமா என்பது. இரண்டாவது, ஜாமீன் உரிமையாகக் கிடைக்குமா, கோர்ட் மனசு வைத்தால்தான் கிடைக்குமா என்பது. ஆயுதமில்லாமல் அடித்துச் சாதாரணக் காயம் ஏற்படுத்தியது, அதாவது பிஎன்எஸ் 115(2), மாஜிஸ்திரேட் அனுமதி தேவைப்படும் வகை, ஜாமீனும் உரிமை. திருட்டு போலீஸே நேரடியாக எடுக்கும் வகை, ஜாமீன் கோர்ட் கையில். ஆனால் திருடுபோன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே என்றால் புதிய சட்டத்தில் அதுவும் மாஜிஸ்திரேட் அனுமதி தேவைப்படும் வகைக்குப் போய்விட்டது. பழைய போனைப் பறிகொடுத்தவர் புகாரில் மதிப்பைக் குத்துமதிப்பாக 4,000 என்று எழுதினால் என்ன ஆகும் என்பது இதிலிருந்தே புரியும். பில் இருந்தால் இணையுங்கள். கூட்டியும் எழுத வேண்டாம்.

புகாரை எப்படி எழுதுவது?

வெள்ளைத்தாளில், தமிழில், உங்கள் வார்த்தையில். வாயால் சொல்லலாம், அதை ஸ்டேஷனில் எழுதி வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். மின்னஞ்சல் போன்ற மின்னணு வழியிலும் அனுப்பலாம், ஆனால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும்.

நாள், நேரம், இடம் மூன்றும் முதல் பத்தியிலேயே வரட்டும். நேரம் சரியாகத் தெரியாவிட்டால் "சுமார்" என்று போடுங்கள், பொய்யான துல்லியம் பின்னால் குறுக்கு விசாரணையில் உதைக்கும். நீங்கள் கண்ணால் பார்த்தது எது, பிறர் சொல்லிக் கேட்டது எது என்று பிரித்து எழுதுங்கள். யார் கையில் என்ன இருந்தது, யாரை எங்கே அடித்தார், கூட நின்று பார்த்தவர் யார் என்று எழுதுங்கள். "சரமாரியாகத் தாக்கினார்கள்" என்ற பத்திரிகைத் தமிழால் ஒரு பயனும் இல்லை. புகார் தாமதமாகியிருந்தால் காரணத்தை அதே தாளில் சொல்லிவிடுங்கள்: ஆஸ்பத்திரியில் இருந்தேன், ஊர்ப் பஞ்சாயத்தில் பேசிப் பார்த்தோம், பயமாக இருந்தது. உண்மையான காரணம் எதுவானாலும் கோர்ட் கேட்கும். காரணமே எழுதாத தாமதத்தைத்தான் சந்தேகப்படும்.

அடிதடியில் இன்னொரு தாள் முந்திக்கொள்ளும். காயத்தோடு அரசு மருத்துவமனைக்குப் போனதும் டாக்டர் விபத்துப் பதிவேட்டில், "தெரிந்த மூன்று நபர்கள், கட்டையால், மாலை 6.30 மணிக்கு" என்பது போல எழுதுவார். வக்கீல்கள் ஏ.ஆர். காப்பி என்பது இதைத்தான். அங்கே மூன்று பேர், மறுநாள் புகாரில் ஏழு பேர் என்றால், அந்த நான்கு பேர் பெரும்பாலும் விடுதலையாவார்கள். சில சமயம் அவர்களோடு சேர்ந்து உண்மையிலேயே அடித்த மூன்று பேரும். பகையாளி வீட்டு ஆட்களை எல்லாம் சேர்த்து எழுதும் பழக்கம் கெடுத்த வழக்குகளுக்குக் கணக்கில்லை.

சிஎஸ்ஆர் ரசீது கொடுத்தார்கள். அதுதான் எஃப்ஐஆரா?

இல்லை. சிஎஸ்ஆர் என்பது மனு பெற்றுக்கொண்டதற்கான ரசீது. அதில் வழக்கு ஏதும் பதிவாகவில்லை, கோர்ட்டுக்கும் தகவல் போகாது. எஃப்ஐஆர் என்றால் "குற்ற எண்" என்று ஆண்டோடு ஓர் எண் இருக்கும், சட்டப்பிரிவுகள் இருக்கும், நகல் இலவசமாகத் தரப்படும். லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது இது: போலீஸ் நேரடியாக எடுக்கக்கூடிய குற்றம் புகாரில் தெரிந்தால் எஃப்ஐஆர் பதிவது கட்டாயம். குடும்பத் தகராறு, வணிகக் கொடுக்கல் வாங்கல், மருத்துவக் கவனக்குறைவு, ஊழல், நீண்ட தாமதம் போன்றவற்றில் மட்டும் முதலில் பூர்வாங்க விசாரணை செய்யலாம். புதிய சட்டம் இன்னொரு விலக்கையும் தந்திருக்கிறது. மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குள் தண்டனையுள்ள குற்றங்களில், டிஎஸ்பி அனுமதியோடு 14 நாளுக்குள் பூர்வாங்க விசாரணை செய்யலாம். அந்த 14 நாள் தாண்டியும் சிஎஸ்ஆர்தான் கையில் இருக்கிறது என்றால் அடுத்த கேள்விக்கான பதிலைப் பாருங்கள்.

எஃப்ஐஆர் போடவே மாட்டேன் என்றால்?

முதலில் எல்லைப் பிரச்சினையா என்று பாருங்கள். "எங்க லிமிட் இல்ல" என்பது இப்போது பதிலே அல்ல. எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்ஐஆர் பதிந்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும் என்று பிஎன்எஸ்எஸ் 173 சொல்கிறது.

மற்றபடி மறுப்புக்கு வழி படிப்படியானது. புகாரின் சாரத்தை எழுதி எஸ்.பி.க்கு, மாநகரமானால் கமிஷனருக்கு, போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும்படி தபாலில் அனுப்ப வேண்டும். அதிலும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. மனுவோடு பிரமாணப் பத்திரம் கட்டாயம், எஸ்.பி.க்கு அனுப்பிய தபால் ரசீதும் வேண்டும். போலீஸ் தரப்பையும் கேட்டுவிட்டு, 175(3)-இன் கீழ் வழக்குப் பதிந்து விசாரிக்க மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். இந்த மனுக்கள் தள்ளுபடியாக அடிக்கடி காரணமாவது ஒன்றுதான்: எஸ்.பி. கட்டத்தைத் தாண்டிக் குதித்தது. நேராக உயர்நீதிமன்றம் போகலாமே என்பார்கள். போலீஸ் வழக்குப் பதியவில்லை என்றால் முதலில் மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும் என்று சகிரி வாசு வழக்கில் உச்சநீதிமன்றம் 2007-லேயே சொல்லிவிட்டது.

பாலியல் குற்றங்களுக்கு விதி இன்னும் கடுமை. புகாரைப் பெண் அதிகாரி பதிய வேண்டும். பதிய மறுக்கும் அரசு ஊழியருக்கே ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல், பிஎன்எஸ் 199.

இணையத்தில் பணம் போனது என்றால் இந்த வரிசை எதுவும் முதல் வேலை அல்ல. 1930-க்கு உடனே போன். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவும் முன் முடக்குவதுதான் அங்கே நோக்கம். எஃப்ஐஆர் பின்னால் வரட்டும்.

எஃப்ஐஆர் நகலில் எதைப் பார்க்க வேண்டும்?

பலரும் பிரிவை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். வக்கீல் முதலில் பார்ப்பது நேரங்களை. படிவத்தில் சம்பவம் நடந்த நாளும் நேரமும் ஓரிடம், ஸ்டேஷனுக்குத் தகவல் கிடைத்த நேரம் ஓரிடம், சம்பவ இடம் ஸ்டேஷனிலிருந்து எந்தத் திசையில் எவ்வளவு தூரம் என்பது ஓரிடம், தாமதத்துக்குக் காரணம் ஓரிடம். கடைசியில், கோர்ட்டுக்கு அனுப்பப்பட்ட தேதியும் நேரமும். கோர்ட்டுக்குப் போன பிரதியில் மாஜிஸ்திரேட் கையெழுத்திட்டு, தன் கைக்கு வந்த நேரத்தை எழுதுவார்.

இரவு 7 மணிக்குக் கத்திக்குத்து, 9 மணிக்கு எஃப்ஐஆர், மாஜிஸ்திரேட் கைக்கு வந்தது மறுநாள் மாலை 4 மணி, நடுவே தூரம் இரண்டு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். "9 மணிக்கு எழுதவே இல்லை, யார் யாரைச் சேர்ப்பது என்று உட்கார்ந்து பேசி மறுநாள் எழுதினார்கள்" என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் வாதமாக இருக்கும். கொலை போன்ற வழக்குகளில் ஒரு கான்ஸ்டபிள் ராத்திரியே எஃப்ஐஆரை எடுத்துக்கொண்டு மாஜிஸ்திரேட் வீட்டுக் கதவைத் தட்டுவது இதற்காகத்தான். எக்ஸ்பிரஸ் எஃப்ஐஆர் என்பார்கள்.

நகல் கையில் இல்லாவிட்டால் காவல்துறை இணையதளத்தில் பாருங்கள். 24 மணி நேரத்தில் பதிவேற்ற வேண்டும் என்பது 2016-இல் உச்சநீதிமன்றம் இட்ட உத்தரவு. பாலியல் குற்றம், குழந்தைகள் மீதான பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்றவை மட்டும் அங்கே வராது.

"விசாரணைக்கு ஸ்டேஷன் வாங்க" என்று போன் வருகிறது. போக வேண்டுமா?

எதற்காகக் கூப்பிடுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள், சாட்சியாகவா, குற்றம் சாட்டப்பட்டவராகவா? சாட்சி என்றால் பிஎன்எஸ்எஸ் 179-இன் கீழ் எழுத்து மூலம் உத்தரவு தர வேண்டும். பெண்கள், 15 வயதுக்குக் கீழோ 60 வயதுக்கு மேலோ உள்ள ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரை வீட்டைவிட்டு வேறிடத்துக்கு வரச் சொல்லக் கூடாது. வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். அவர்களாக விருப்பப்பட்டு ஸ்டேஷனுக்குப் போகலாம்.

குற்றம் சாட்டப்பட்டவர் என்றால், ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் பொதுவாகக் கைதுக்கு முன்னால் பிஎன்எஸ்எஸ் 35(3) நோட்டீஸ் வர வேண்டும். பழைய 41-ஏ நோட்டீஸ்தான் இது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. நோட்டீஸ்படி ஆஜராகிக்கொண்டே இருப்பவரைக் கைது செய்ய வேண்டுமானால் அதற்கான காரணத்தை அதிகாரி எழுதி வைக்க வேண்டும். அதனால் நோட்டீஸை வாங்க மறுப்பதும், வாங்கிவிட்டுப் போகாமல் இருப்பதும் நம் தலையில் நாமே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது. ஊரில் இல்லையா, தேதியைக் குறிப்பிட்டு அவகாசம் கேட்டுத் தபால் அனுப்புங்கள்.

கைது செய்யும்போது என்னென்ன கொடுக்க வேண்டும்?

கைது செய்யும் அதிகாரியின் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும், கைதானவரும் கையெழுத்திட வேண்டும். கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்து மூலமாகவே தர வேண்டும், தாமதமானாலும் ரிமாண்டுக்குக் கொண்டுபோவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவாவது தர வேண்டும் என்பது 2025 நவம்பரில் வந்த உச்சநீதிமன்றத் தீர்ப்பு. உறவினர் ஒருவருக்குத் தகவல், மருத்துவப் பரிசோதனை, விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க அனுமதி ஆகியவையும் உண்டு. வக்கீல் முழு நேரமும் பக்கத்தில் உட்கார முடியாது. சூரியன் மறைந்து உதிக்கும் வரை பெண்களைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்கவே முடியாத நிலையில் பெண் அதிகாரி, மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியோடு செய்யலாம்.

பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்புச் சட்டம் 22-ஆவது கூறு. சிக்கல் வருவது கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பதில். காலை 6 மணிக்கு வீட்டிலிருந்து கூட்டிப்போய், கைதுக் குறிப்பில் இரவு 10 மணி என்று எழுதுவது நடக்கக்கூடியது. வீட்டார் செய்ய வேண்டியது, கூட்டிப்போனதுமே நேரத்தைக் குறிப்பிட்டு எஸ்.பி.க்கும் கமிஷனருக்கும் தந்தியாக நினைத்து ஒரு மின்னஞ்சல் தட்டிவிடுவது. வீதியில் சிசிடிவி இருந்தால் அந்தப் பதிவை எடுத்து வைப்பது. ஸ்டேஷனுக்குள்ளும் கேமரா இருக்க வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. அதைப் பாதுகாக்கச் சொல்லி முதல் வாரத்திலேயே மனு கொடுங்கள். "பதிவு அழிந்துவிட்டது" என்ற பதில் எப்போதும் தாமதமாகக் கேட்டவர்களுக்குத்தான் வரும்.

மாஜிஸ்திரேட் "போலீஸ் அடித்தார்களா?" என்று கேட்பார். சடங்குக் கேள்வி போலத் தோன்றும். அடிபட்டிருந்தால் சொல்ல வேண்டிய இடம் அதுதான். அங்கே "இல்லை" என்று பதிவானால் பிறகு நிமிர்த்துவது கடினம்.

போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லுமா?

போலீஸிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டது சாட்சியமாகாது, பிஎஸ்ஏ 23. ஒரு ஓட்டை மட்டும் உண்டு. அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருளைக் காட்டிக்கொடுத்த பகுதி மட்டும் செல்லும். "கத்தியைப் பனைமரத்தடியில் புதைத்து வைத்திருக்கிறேன், அதால்தான் அவனைக் குத்தினேன்" என்று சொன்னால் முதல் பாதி உள்ளே வரும், பின் பாதி வராது. இந்தப் பிரிப்பை 1946-இல், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் புலுகுரி கோட்டையா வழக்கில் வகுத்தது, இன்றும் அதுவே அளவுகோல்.

கண்டெடுத்ததை, சாட்சிகள் கையெழுத்திடும் கைப்பற்றல் குறிப்பான மகஜரில் எழுதுவார்கள். நம் ஊர் வழக்குகளில் மகஜர் சாட்சி பெரும்பாலும் விஏஓவும் அவருடைய உதவியாளரும்தான். இங்கே வழக்கு சறுக்கும் இடங்கள் வக்கீல்களுக்கு மனப்பாடம். யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய திறந்தவெளியில் பொருள் கிடந்திருக்கும். ஒப்புதல் வாக்குமூலத்துக்கு முன்பே போலீஸுக்கு அந்த இடம் தெரிந்திருக்கும். மகஜரில் எழுதிய நேரத்தில் விஏஓ தாலுகா அலுவலகக் கூட்டத்தில் இருந்திருப்பார். கத்தியைச் சீல் வைக்காமல் ஆய்வகத்துக்கு அனுப்பியிருப்பார்கள். புதிய சட்டப்படி சோதனையையும் கைப்பற்றலையும் வீடியோ எடுக்க வேண்டும், பிஎன்எஸ்எஸ் 105-ஆவது பிரிவு. வீடியோ இல்லாத மகஜர் இனி கேள்வியில்லாமல் தப்பாது.

உண்மை கண்டறியும் சோதனை, நார்கோ போன்றவற்றைச் சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது. செல்வி வழக்கு, 2010.

ரிமாண்ட், 60 நாள், 90 நாள் என்பதெல்லாம் என்ன?

24 மணி நேரத்துக்கு மேல் ஒருவரை அடைத்து வைக்க வேண்டுமானால் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும், அதுதான் ரிமாண்ட். பெரும்பாலும் நீதிமன்றக் காவல், அதாவது சிறை. போலீஸ் காவல் மொத்தம் 15 நாள்தான். ஆனால் முன்பு போல முதல் 15 நாளுக்குள்ளேயே எடுக்க வேண்டும் என்பதில்லை, வழக்கைப் பொறுத்து முதல் 40 அல்லது 60 நாளுக்குள் துண்டு துண்டாகக் கேட்கலாம்.

மரண தண்டனை, ஆயுள், பத்தாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனையுள்ள குற்றம் என்றால் 90 நாளுக்குள், மற்றவற்றில் 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும். ஆகாவிட்டால் ஜாமீன் உரிமை. குற்றத்தின் கடுமை பற்றிய வாதமே அங்கே எடுபடாது. ரிமாண்ட் செய்த நாளும் கணக்கில் சேரும் என்று 2023-இல் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. ஜனவரி 1 ரிமாண்ட் என்றால், லீப் அல்லாத ஆண்டில் மார்ச் 1 அறுபதாவது நாள். மார்ச் 2 காலையில் மனு போட வேண்டும். போட வேண்டும் என்பதுதான் முக்கியம். உரிமை தானாக வந்து கதவைத் திறக்காது. நீங்கள் மனு போடுமுன் பத்து நிமிடம் முந்திக் குற்றப்பத்திரிகை தாக்கலானால் அந்த உரிமை போயிற்று. உபா எனும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்ட வழக்குகளில் காலக்கெடு 180 நாள் வரை நீளும். போதைப்பொருள் வணிக அளவு வழக்குகளில் 180 நாள், அதையும் ஓராண்டு வரை நீட்டலாம்.

ஆயுளோ மரண தண்டனையோ இல்லாத குற்றத்தில், அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்தவர் ஜாமீன் கேட்கலாம். முதல்முறைக் குற்றவாளி என்றால் மூன்றில் ஒரு பங்கே போதும், பிஎன்எஸ்எஸ் 479. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருப்பவருக்கு இது பொருந்தாது.

செல்போன் வீடியோ இருக்கிறது. எப்படிக் கொடுப்பது?

வாட்ஸ்அப்பில் இன்ஸ்பெக்டருக்கு அனுப்பிவிட்டுப் போனில் அழித்துவிடுவதுதான் மிக மோசமான வழி. வாட்ஸ்அப் கோப்பைச் சுருக்கிவிடும், கோப்பின் கைரேகை போன்ற ஹேஷ் மதிப்பு மாறிவிடும், எடுத்த நேரம் பற்றிய விவரமும் போய்விடலாம். எடுத்த போனையே வைத்திருங்கள், மெமரி கார்டை வேறொன்றுக்குப் பயன்படுத்தாதீர்கள். நகல் கொடுக்கும்போது பிஎஸ்ஏ 63(4) சான்றிதழ் வேண்டும். அதன் படிவம் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. முதல் பகுதியைக் கருவியை வைத்திருந்தவரும் இரண்டாம் பகுதியை வல்லுநரும் நிரப்ப வேண்டும், ஹேஷ் மதிப்பையும் எழுத வேண்டும். கடை சிசிடிவி என்றால் அவசரம் கூடுதல். ஹார்ட்டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும்.

சாட்சியாக என்னை விசாரித்தார்கள். கையெழுத்துப் போட வேண்டுமா?

பிஎன்எஸ்எஸ் 180-இன் கீழ் போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்திடக் கூடாது. இதை வைத்து யாரையும் தண்டிக்க முடியாது. கூண்டில் நீங்கள் சொல்வது இதிலிருந்து மாறினால் உங்களை மடக்க மட்டுமே பயன்படும். ரைட்டர் தன் நடையில் எழுதுவார். நீங்கள் "ஒல்லியா ஒருத்தன்" என்றது "அடையாளம் தெரியக்கூடிய சுமார் 30 வயது ஆண் நபர்" ஆகியிருக்கும். வாசித்துக் காட்டச் சொல்லித் திருத்துங்கள். மாஜிஸ்திரேட்டிடம் கொடுக்கும் 183 வாக்குமூலம் வேறு, அது பிரமாணத்தின் மேல், கையெழுத்தோடு.

முன்பின் தெரியாத ஆளை அடையாளம் காட்ட வேண்டியிருந்தால் மாஜிஸ்திரேட் முன்னிலையில் அடையாள அணிவகுப்பு நடக்கும். அதற்கு முன்னால் அந்த ஆளின் படம் பத்திரிகையில் வந்துவிட்டால் அணிவகுப்புக்கு மதிப்பே போய்விடும். முகத்தை மூடிக் கூட்டிவருவது அவர் மானத்துக்காக மட்டுமல்ல.

குற்ற எண், சி.சி., பி.ஆர்.சி., எஸ்.சி. ஏன் இத்தனை எண்கள்?

குற்ற எண் ஸ்டேஷன் தருவது. குற்றப்பத்திரிகை கோர்ட்டில் ஏற்கப்பட்டதும் மாஜிஸ்திரேட் விசாரிக்கும் வழக்கானால் சி.சி. எண். செஷன்ஸ் கோர்ட் விசாரிக்க வேண்டிய வழக்கானால் முதலில் பி.ஆர்.சி. எண், மாஜிஸ்திரேட் அங்கே ஒப்படைத்த பிறகு எஸ்.சி. எண். வாய்தா தேதியை இணையத்தில் தேட இந்த எண்தான் வேண்டும். சம்மனிலிருந்து குறித்துக்கொள்ளுங்கள்.

"மேல்நடவடிக்கை கைவிடப்பட்டது" என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. வழக்கு முடிந்ததா?

போலீஸைப் பொறுத்தவரை முடிந்தது. கோர்ட்டைப் பொறுத்தவரை இன்னும் இல்லை. போலீஸ் அறிக்கையை ஏற்குமுன் புகார்தாரரைக் கேட்க வேண்டும் என்று 1985-இல் பகவந்த் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. மாஜிஸ்திரேட்டிடம் ஆட்சேபணை மனு போடலாம். "அநியாயம்" என்று எழுதாமல், விசாரிக்காமல் விட்ட சாட்சி யார், வாங்காமல் விட்ட ஆவணம் எது என்று பெயரோடு எழுதுங்கள். மேல் விசாரணைக்கு உத்தரவு பெரும்பாலும் அந்த வரிகளால்தான் கிடைக்கிறது. இடையில், புலனாய்வு எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் போலீஸே உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும், பிஎன்எஸ்எஸ் 193(3).

எல்லோருக்கும் தெரிந்த குற்றவாளி எப்படி விடுதலையாகிறான்?

எல்லோருக்கும் தெரிவது சாட்சியம் அல்ல. குற்றத்தை நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கும் சுமை முழுக்க அரசுத் தரப்பின் தலையில். குற்றம் சாட்டப்பட்டவர் வாயே திறக்காமல் இருக்கலாம். சந்தேகம் விழ மேலே சொன்ன தாள்களே போதும்: தாமதமாகப் போன எஃப்ஐஆர், ஏ.ஆர். காப்பியோடு பொருந்தாத பெயர்கள், விஏஓ இல்லாத இடத்து மகஜர். அதோடு சாட்சி பிறழ்வது. ஆண்டுக்கணக்கில் வாய்தா இழுக்கும்போது சாட்சி பயப்படுகிறார், சமரசமாகிறார், சில சமயம் மறந்தே போகிறார். பிறழ்சாட்சி சொன்னது முழுக்கக் குப்பைக்குப் போகாது, நம்பத்தகுந்த பகுதியைக் கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். சின்னச் சின்ன முரண்பாடுகளையும் கோர்ட் பொருட்படுத்தாது. போலீஸிடம் சொல்லாத ஒன்றைக் கூண்டில் முதன்முதலாகச் சொல்வதுதான் அடி வாங்கும்.

பாதிக்கப்பட்டவருக்குக் கோர்ட்டில் இடம் உண்டா?

வழக்கை நடத்துவது அரசு வழக்கறிஞர். அவருக்கு உதவ உங்கள் வக்கீலை வைத்துக்கொள்ளக் கோர்ட் அனுமதிக்கலாம். வக்கீல் வைத்திருந்தால் குற்றப்பத்திரிகை நகலும் கிடைக்கும். விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து நீங்களே மேல்முறையீடு செய்யலாம், அரசு செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சாதாரணக் காயம் போன்ற சில குற்றங்களை இரு தரப்பும் சமரசம் பேசிக் கோர்ட்டிலேயே முடித்துக்கொள்ளவும் பிஎன்எஸ்எஸ் 359-ஆவது பிரிவு இடம் தருகிறது. அதற்காக ஸ்டேஷனில் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

வக்கீல் வைக்க வசதி இல்லை.

சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-இன்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு பார்ப்பார்கள். கோர்ட் வளாகத்திலேயே தாலுகா அல்லது மாவட்டச் சட்டப் பணிகள் அலுவலகம் இருக்கும். போனில் 15100. சிறையில் இருப்பவர் சிறை அதிகாரி வழியாக மனு கொடுக்கலாம். ரிமாண்டுக்காக முதன்முதலாக மாஜிஸ்திரேட் முன்னால் நிற்கும்போதே "எனக்கு வக்கீல் இல்லை" என்று சொன்னாலும் போதும், ஒருவரை அமர்த்தித் தர வேண்டியது கோர்ட்டின் வேலை.